நான்காம் புத்தகம்

"நீங்க என்ன செய்யுதீங்க, சின்னண்ணாச்சி?" மெர்லின் டீச்சர் கேட்டது தில்லைநாயகத்தின் காதில் விழாமல் இல்லை, ஆனால் வாயில் முந்திரிக்கொத்து இருந்தது, அது இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று, வாயில் பண்டத்தோடு இருக்கிற மனுஷனிடம் சொல்லு சொல்லு என்று யாரும் நிற்கமாட்டார்களே, அதனால் அந்தப் பாசிப்பயறு உருண்டையை ஒரு கடைவாயிலிருந்து இன்னொரு கடைவாய்க்கு ஆற அமரத் தள்ளிக்கொண்டு, இருங்க டீச்சர் என்று கையை மட்டும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையில் ஏணி கைடு அலுவலகத்தின் மாடி அறை, நாலு பக்கமும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு கைடுக் கட்டுகள், நடுவில் ஒரு பழைய பைண்டிங் மேஜை, அதைச் சுற்றி நாலு பேர். டீச்சர் கதை சொல்கிறவர், மற்ற மூவரும் கதைக்குள் இருக்கிறவர்கள். மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சாகுல் பாய் கதைக்குள்ளே முத்துக் குளிக்கிறவர். ஜங்ஷன் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் உமையொருபாகம் சார் கதைக்குள்ளே கப்பலை விட்டு ஓடிவந்த மாலுமி. தில்லைநாயகம், ஏணி கைடின் சின்ன முதலாளி, ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், கதைக்குள்ளே மாசாணம் என்கிற உப்பு அளக்கிறவன். இது என்ன கூத்து என்று கேட்டால், பெரியவர்கள் உட்கார்ந்து விளையாடுகிற கதையாட்டம். டீச்சர் ஒரு இக்கட்டைச் சொல்லி நிறுத்துவார், நீங்க என்ன செய்யுதீங்க என்று கேட்பார், நீங்கள் சொல்கிறதை வைத்துக் கதை திரும்பும், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி எத்தனை வெள்ளை விழுகிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். உப்புத்துறை என்று இதற்குப் பெயர். மூன்று புத்தகம் வந்தாயிற்று, அதே பெயரில் மூன்று மாதத்துக்கு ஒரு பத்திரிகையும் வருகிறது, இன்றைக்கு விளையாடுவது நான்காம் புத்தகம், அச்சுக்குப் போகும் முன்னால் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற ஆட்டம். நான்காம் புத்தகம் அச்சுக்குப் போகாது. அது இந்த அறையில் தில்லைநாயகம் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் மென்று முடிக்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று பாய் அந்தப் பேச்சை எடுத்தார், எடுக்காமல் இருந்திருக்கலாம். "டீச்சர், அந்த மெட்ராஸ்காரங்களுக்குப் பதில் போட்டாச்சா?" "இன்னும் இல்ல பாய். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். வேண்டாம்னு எழுதி வச்சிருக்கேன், சின்னண்ணாச்சி ஒரு பார்வை பாத்துத் தந்தா அனுப்பிருவேன்." டீச்சர் ஏதோ பால்காரனுக்கு நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். சென்னையில் யாரோ சின்னப் பிள்ளைகள் சேர்ந்து நடத்துகிற பதிப்பகமாம், உப்புத்துறை மொத்தத்தையும் எங்களுக்குக் கொடுங்கள், மூன்று புத்தகத்தையும் புதிதாய்ப் போடுகிறோம், நான்காவதையும் போடுகிறோம், பத்திரிகையையும் நடத்துகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதினது டீச்சர், உரிமையும் டீச்சருக்கு, சரி என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. "நாம இன்னைக்கு சொல்லலேன்னா வேற ஒரு ஆட்டத்த எடுத்துக்கிடுவாங்களாம். எடுத்துக்கிடட்டும், நமக்கு இங்க என்ன கொறச்சல்? சின்னண்ணாச்சி என்னைய இதுவரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்ல." பாகம் சார், அதச் சொல்லுங்க, என்று தலையாட்டினார். தில்லைநாயகத்துக்கு உருண்டை தொண்டையில் நின்றுகொண்டது. இப்போது சொல்லலாம். வேண்டாம்னு போடாதீங்க டீச்சர், சரின்னு போடுங்க. இவ்வளவுதான் சொல்லவேண்டியது, மீதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஏன் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள், கேட்டால் கேட்கட்டும், சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே, இல்லை, முதலில் தண்ணீர் குடிப்போம், தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுவோம், தண்ணீர் குடித்தார், குடித்தபிறகு முந்திரிக்கொத்து இறங்கிப்போனது, வார்த்தையும் கூடவே இறங்கிப்போனது. "எங்க விட்டோம்?" என்று கேட்டார், வெட்கங்கெட்ட மனுஷன். "உப்பு மூட்ட அடுக்கி வச்சிருக்க கிட்டங்கிக்குள்ள ஒளிஞ்சிருக்கோம் அண்ணாச்சி, வெளிய சுங்கக்காரங்க கதவத் தட்டுதாங்க," என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை நடந்ததை இரண்டு நாளாய் மனசுக்குள்ளே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார், எப்படித் திருப்பினாலும் கருகின பக்கம்தான் மேலே வருகிறது. கீழே கணக்கு அறையில் அண்ணன் சபாநாயகம் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார், "ஏலே தில்லை, உப்புத்துறைய என்ன செய்வோம்? புதுப் பாடத்திட்டம் வருது, அச்சு மிஷின் கைடுக்கே பத்தாது. ஆனா ஒனக்குப் பிடிச்ச சங்கதி. இன்னும் ஒரு வருசம் ஓட்டணும்னாலும் ஓட்டுவோம், நீ சொல்லு." நீ சொல்லு என்றார். அதுதான் இப்போது காதுக்குள் நிற்கிறது. அண்ணன் தலையில் ஒரு பாவமும் இல்லை, தட்டில் வைத்துக் கொடுத்தார் மனுஷன். அந்த நேரம் பார்த்துச் சிவகாசியிலிருந்து வந்த பேப்பர் ஏஜண்ட் எதிரே உட்கார்ந்திருந்தார், மேஜையில் கிடந்த மூன்றாம் புத்தகத்தை எடுத்து ரெண்டு பக்கம் புரட்டி, "என்ன அண்ணாச்சி, தாயம் வெளாடுததுக்கெல்லாம் புஸ்தகம் போடுதியளா? வெளாடுதது யாரு, பேரப்பிள்ளையளா?" என்று சிரித்தார். வெளாடுதது நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியில் உட்கார்ந்து உப்பு அளக்கிறவனாக இருக்கிறது நான்தான், மாசாணம் என்று எனக்குப் பெயர், போன மாசம் ஒரு கப்பலையே காப்பாற்றினேன் என்று சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? தில்லைநாயகமும் சிரித்தார். ஏஜண்டைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார். சிரித்த வாயோடு, "விட்டுருவோம்ணே, புஸ்தகம் பத்திரிகை ரெண்டையும் நிறுத்திருவோம்," என்றார். அண்ணனே நிமிர்ந்து பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா?" "வியாபாரத்துல போயி ஆசயெல்லாம் பாக்க முடியுமாண்ணே." அட, என்ன கம்பீரம்! ஏஜண்ட், தம்பி வெவரமான ஆளு, என்றார். அந்த வார்த்தை உள்ளே போய் இனித்ததே, அதைத்தான் தில்லைநாயகத்தால் இப்போது தாங்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? இல்லை, தொழில் தெரிந்தவர் அல்லவா, அதற்கு மேலும் பேசினார். "இப்ப வெளிய விட வேண்டாம்ணே. புத்தகத் திருவிழா முடியட்டும். நிறுத்தப் போறோம்னு தெரிஞ்சா ஒருத்தன் தொடமாட்டான், சரக்கு பூரா குடோன்லயே கெடக்கும்." இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிறதுதான் இது. பாதியில் நிற்கப்போகிற வரிசையைக் காசு கொடுத்து யார் வாங்குவான்? அதனால் கடைசிப் பிரதி போகிற வரைக்கும், அடுத்த புத்தகம் இந்தா வருகிறது என்றே முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும். அச்சில் இருக்கிற பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில்கூட, நான்காம் புத்தகம் விரைவில், என்று கட்டம் போட்டிருந்தது, நேற்று ப்ரூஃப் வந்தபோது தில்லைநாயகம் அதைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், கட்டத்தில் ஒரு கோடு வளைந்திருந்ததை நேராக்கச் சொல்லிக் குறி போட்டு அனுப்பிவிட்டார். அண்ணன்தான் வெள்ளிக்கிழமையே சொன்னார், "கடைக்காரன்ட்ட சொல்ல வேண்டாம், சரி. அந்த டீச்சர்ட்ட சொல்லிரு. பாவம், அந்தப் பிள்ளை வேற எடம் பாத்துக்கிடட்டும். நீ சொல்லுதியா, நான் சொல்லவா?" "நான் சொல்லிக்கிடுதேன்." நேற்றைக்குச் சொல்லியிருக்கலாம், டீச்சர் போன் பண்ணினார், சின்னண்ணாச்சி, முந்திரிக்கொத்து செஞ்சிருக்கேன், சர்க்கரை மாத்திரைய மறக்காம போட்டுட்டு வாங்க என்று. அந்தக் குரலில் எங்கே போய் அதைச் சொல்லுவது.

"அண்ணாச்சி, தூங்குதீங்களா?" பாகம் சார் தோளைத் தட்டினார். "இல்ல சார், யோசிக்கேன்." "கதவ ஒடைக்கப் போறாங்க, யோசிச்சது போதும்," என்றார் டீச்சர், அவர் கண் பளபளவென்று இருந்தது, இந்தக் கட்டத்தை ராத்திரி உட்கார்ந்து எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்திவிட்டு, வீட்டு வேலை முடித்துவிட்டு. "மாசாணம், ஒங்க கையில கிட்டங்கிச் சாவி இருக்கு. பின்வாசல் இருக்குன்னு ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். என்ன செய்யுதீங்க?" தில்லைநாயகத்துக்கு வியர்த்தது. மின்விசிறி தலைக்கு மேலே கிரீச் கிரீச் என்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, வேர்வை பாட்டுக்கு வருகிறது, டீச்சருக்குத் தெரிந்துவிட்டதோ, தெரிந்துகொண்டுதான் இப்படி ஒரு இக்கட்டை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாரோ, அண்ணன் சொல்லியிருப்பாரோ, ஏஜண்ட் யாரிடமாவது உளறியிருப்பானோ, சிவகாசிக்கும் பாளையங்கோட்டைக்கும் எவ்வளவு தூரம், நாக்கு ஒன்று போதுமே. டீச்சர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, வெள்ளையாய்ச் சிரிக்கிறது அந்த முகம். "பின்வாசலத் தொறக்கேன்," என்றார், "எல்லாரையும் வெளிய விடுதேன்." "நீங்க?" "நான் கடைசியா வருதேன்." பாய் மேஜையைத் தட்டினார், "மாசாணம்னா மாசாணம்தான்!" தில்லைநாயகம் புளியங்கொட்டையை உருட்டினார், ஒன்றைத் தவிர எல்லாம் வெள்ளை. கதைக்குள்ளே எவ்வளவு லேசாக இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே விட ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை இவருக்கு.

அண்ணன் இருந்திருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார். அண்ணனுக்கு அந்த வாய் உண்டு. அது அண்ணனாகச் சம்பாதித்ததா, தம்பி வாங்கிக் கொடுத்ததா என்பது வேறு கதை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்த காலத்தில் சங்கரன்கோயிலில் ஒரு வீட்டில் சரி என்று சொல்லி, பூ வைக்க நாள் குறித்தபிறகு, தில்லைநாயகத்துக்கு என்னவோ வேண்டாம் போல் இருந்தது, காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது, அந்தப் பெண்ணின் அப்பா சத்தமாக மூக்கைச் சிந்தினார் என்பதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. யார் போய்ச் சொன்னது? அண்ணன்தான் பஸ் ஏறிப் போனார், திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் ரெண்டைக் காணோம், வேற சட்டை எடு என்று மதினியிடம் கேட்டார், அவ்வளவுதான். ஈய எழுத்து கோக்கிற வேலை போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது கம்பாஸிடர்களை நிறுத்தலாம் என்று யோசனை சொன்னது தம்பி, சொல்லி அனுப்பினது அண்ணன், இன்றைக்கும் அவர்கள் வீட்டில் திட்டு வாங்குகிறதும் அண்ணன். சின்ன முதலாளி தங்கமானவுக, பெரியவருதான் கல்நெஞ்சு என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு தில்லைநாயகத்தின் காதுக்கு வரும், வரும்போதெல்லாம், சே சே அப்படில்லாம் இல்ல என்று சொல்லுவார், சொல்லுகிற தினுசில் ஆமாம் என்று இருக்கும். இந்தத் தடவை நானே சொல்லிக்கிடுதேன் என்று வாய்விட்டுச் சொன்னது அதனால்தான், ஒரே ஒரு தடவையாவது தன் அழுக்கைத் தானே துவைப்போம் என்று நினைத்துத்தான். நினைப்பில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் அப்போது சட்டென்று தம்பி தோளில் கையைப் போட்டார், போட்டு எடுத்துக்கொண்டார், அந்தக் கையின் கனம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

பாய் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார், டீயைக் கையில் வாங்கும்போது தில்லைநாயகத்துக்குப் பழசு ஞாபகம் வந்தது, முதல்முதலாய் இந்த ஆட்டம் ஆடினதும் இதே மேஜையில், இதே மாதிரி ஒரு டீயோடு. தமிழ் கைடுக்கு வினா விடை எழுதுகிற வேலை கேட்டு வந்தவர்தான் டீச்சர், போகும்போது தயங்கித் தயங்கி, சார் இன்னொண்ணு இருக்கு, விளையாடித்தான் பாக்கணும், சொன்னாப் புரியாது என்றார். சரி உக்காருங்க என்று ஏதோ ஒரு மரியாதைக்குச் சொன்னார் தில்லைநாயகம். நீங்க ஒரு உப்பு அளக்கிறவரு, கடல் உள்வாங்கிருச்சு, துறையில யாருமே இல்ல, நீங்க என்ன செய்யுதீங்க? அவரை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முக்கிய வினாக்கள் எவை, எத்தனை ஃபாரம், அட்டைக்கு என்ன கலர் என்று கேட்பார்கள், வீட்டில் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பார்கள், கடல் உள்வாங்கிவிட்டது, நீ என்ன செய்கிறாய் என்று யார் கேட்டார்கள்? இருட்டுகிற வரைக்கும் விளையாடினார். அண்ணனிடம் போய் நின்று, இதப் போடணும்ணே என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். பிறகு புத்தகம் வந்தது, பத்திரிகை வந்தது, தென்காசியில் ஒரு ஹாஸ்டலில் கூட்டம் கூட்டமாய் விளையாடுகிறார்கள் என்று தகவல் வந்தது, தூத்துக்குடியில் உப்புத்துறை விளையாடிப் பழகின ரெண்டு பேர் கல்யாணமே பண்ணிக்கொண்டார்கள், அழைப்பிதழ் கொடுத்தார்கள், தில்லைநாயகம் வேட்டி கட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார், அப்போது அந்தப் பையன் இவுகதான் மாசாணம் என்று எல்லோரிடமும் சொன்னான். அப்பேர்ப்பட்டதை ஒரு பேப்பர் ஏஜண்டின் சிரிப்புக்குக் கொடுத்தாயிற்று. அட பாவி, அட பாவி என்று உள்ளுக்குள்ளே யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், குரல் அவருடையதுதான்.

"சரி, இந்த எடத்துல நிறுத்திக்கிடுவோம், நேரமாச்சு, அவங்களுக்குப் பதில் போடணும்," என்று டீச்சர் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பாத்துத் தாங்க சின்னண்ணாச்சி. எனக்கு மத்தவங்களுக்கு எழுதுததுன்னாலே ஒதறல்." இதுதான் இடம். தில்லைநாயகம் சொல்லிவிடுவது என்றுதான் போனை வாங்கினார், சத்தியமாக. கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். 'உங்கள் அழைப்புக்கு ரொம்ப நன்றி தம்பி. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஆனால் இப்போதைக்கு என்னால் கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்.' ரொம்ப ரெண்டு தடவை வருகிறது. இவ்வளவு வருஷம் ப்ரூஃப் பார்த்த கை, ரெண்டு தடவை வருகிறதைப் பார்த்தால் சும்மா இருக்குமா, விரல் தானாகப் போய் ஒன்றை அழித்தது. சரி, அதோடு நிறுத்திச் சொல்லிவிடுவோம். சந்தோஷமாக இருந்தது என்பது தேவையில்லை, அதையும் எடுத்தார். இப்போதைக்கு. இந்த வார்த்தை என்ன இங்கே தொளதொளவென்று தொங்குகிறது, கொடுக்கிறதா இல்லையா, எதையாவது ஒன்றைச் சொல்லவேண்டாமா, என்று நினைக்கிறேன் என்பது அதற்கு மேல், தன் கதையைக் கொடுக்கமாட்டேன் என்கிறவர் நினைக்கிறேன் நினைக்கவில்லை என்றா எழுதுவார்? அழித்தார். அழித்துவிட்டுப் புதிதாய்த் தட்டினார். 'உங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. உப்புத்துறையை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.' வாசித்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது, கல்லில் வெட்டினது போல் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கை என்ன செய்தது என்று மனசுக்குத் தெரிந்தது, அதற்குள் டீச்சர், "அடேயப்பா, எவ்வளவு லெட்சணமா இருக்கு!" என்று சொல்லி அனுப்பியே விட்டார்.

அனுப்பிவிட்டு மேஜைமேல் போனை அப்படியே வைத்துவிட்டு, டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனார். போன் தில்லைநாயகத்தின் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு டிக். பிறகு ரெண்டு டிக், சாம்பல் நிறம். போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னும் பார்க்கவில்லை. அனுப்பினதை அழிக்க முடியும், அது தில்லைநாயகத்துக்குத் தெரியும், பேரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான், விரலை அமுக்கி வைத்தால் எல்லோருக்கும் அழி என்று வரும். ஒன்றுமில்லை, டீச்சர் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், குழாயடி ரெண்டு எட்டில்தான் இருக்கிறது, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, பாயும் சாரும் சாவியைப் பற்றி என்னவோ வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை. திரை மங்கியது. தில்லைநாயகம் விரலால் ஒரு தொடு தொட்டார், மறுபடி வெளிச்சம் வந்தது. இன்னும் சாம்பல்தான். கூப்பிடு, கூப்பிட்டுத் தொலை. வாய் திறந்துதான் இருந்தது. அந்தச் சென்னைப் பிள்ளைகள் புது அட்டை போடுவார்கள், பளபளவென்று போடுவார்கள், நம்மைவிட நன்றாகவே போடுவார்கள், உள்ளே முதல் பக்கத்தில் வேற பெயர் இருக்கும், டீச்சர் வேற யாருக்கோ முந்திரிக்கொத்து கொண்டுபோவார், தூத்துக்குடிப் பையன் வேற யாரையோ காட்டி இவுகதான் என்பான், மாசாணத்தை வேற எவனோ ஒருத்தன் ஆடுவான். திரை மங்கியது. தொட்டார். மங்கியது. தொட்டார். எதற்காகத் தொடுகிறோம், கூப்பிடுவதற்கா, வேடிக்கை பார்க்கிறதற்கா என்று யோசிக்கும்போதே டிக் ரெண்டும் நீலமாக மாறியது. அதற்குக் கீழே ஏதோ தட்டுகிறார்கள் என்று காட்டியது, வந்தது: 'சரிங்க அக்கா, புரிகிறது. மற்ற ஆட்டத்துக்காரரிடம் இப்போதே உறுதி சொல்லிவிடுகிறோம். வாழ்த்துகள்.' தில்லைநாயகத்தின் நெஞ்சுக்குள்ளே ஒன்று சட்டென்று தளர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்பாடா! தனக்கு வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை இன்னொருத்தன் எடுத்துக்கொள்ளவில்லை என்று அப்பாடா. அதைத் தெரிந்துகொண்டபோது தன் மேலேயே அருவருப்பு வந்தது, போனைத் தள்ளி வைத்தார்.

"டீச்சர்," என்று கூப்பிட்டார், இப்போது குரல் வந்தது, இப்போது நன்றாகவே வந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டீச்சர் வந்து நின்றார். "நான்காம் புத்தகம் வராது டீச்சர். பத்திரிகையும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு." மின்விசிறி கிரீச் என்றது. டீச்சர் சிரிக்கப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யாரு?" என்று ஆரம்பித்தார், அவ்வளவுதான், அந்த வார்த்தை முடியுமுன்னாலேயே தில்லைநாயகத்தின் வாயிலிருந்து வந்து விழுந்தது: "அண்ணன் முடிவு பண்ணிட்டாவ. வெள்ளிக்கிழமை. நான்." நான் என்பதோடு நின்றது, அதற்கு மேல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கலாம், அண்ணனில்லை டீச்சர் நான் என்றுகூடப் போயிருக்கலாம், ஆனால் கண்ணில் தண்ணீர் முந்திக்கொண்டு வந்துவிட்டது, நிஜக் கண்ணீர், பொய்யில்லை, தோள் குலுங்கி அழுதார் மனுஷன். பாய்தான் கேட்டார், "அப்ப மெசேஜ் போகுததுக்கு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? ஒங்க கையிலதான போன் இருந்துச்சு?" "சும்மா இருங்க பாய்," என்றார் டீச்சர். போனை எடுத்து அந்தப் பதிலை வாசித்தார், தான் அனுப்பினதையும் ஒரு தடவை வாசித்தார், திரும்பிப் போய்க் கேட்பதற்கு அதில் ஒரு சந்துகூட இல்லை, போனை அணைத்துப் பைக்குள் போட்டார். "அவுகளால எப்படிச் சொல்ல முடியும்? என்னையவிட அவுகளுக்குல்லா இது பெரிய அடி. மனசுல போட்டு எப்படித் தவிச்சிருக்காவ பாருங்க." தன்னுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து தில்லைநாயகத்தின் கையில் வைத்தார், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழாதீங்க சின்னண்ணாச்சி. பெரியவுக ஒண்ணு நெனச்சா யாரால மாத்த முடியும். அவுககிட்ட எவ்வளவோ பேசிப் பாத்திருப்பீங்க, எனக்குத் தெரியாதா?" தில்லைநாயகம் தண்ணீரைக் குடித்தார், வாயைத் துடைத்தார், டீச்சரின் கண்ணைப் பார்த்தார். "பேசிப் பாத்தேன் டீச்சர்," என்றார்.